ஒன்பது முதல் இரண்டு வரை

நெல்லைக்காரர்களுக்கு நாங்கள் வடக்கு,
மதுரைக்காரர்களுக்குத் தெற்கு.
முதலில் சொன்னதை எடுத்துக்கொண்டு
பாட்காஸ்ட்டுக்கு ‘வடக்கு மூலை’ என்று பெயர் வைத்தோம்.
ஆற்றுத் தண்ணீர் எட்டாத மூலை.

சங்கரன்கோவிலில் ஒலிப்பதிவு செய்ய
மைக்குக்கு முன்னால் மின்தடை வேண்டும்.
தெருவுக்கு நாற்பது தறி ஓடுகிற ஊரில்
ஒரு வாக்கியத்தை முழுசாக
எப்படிப் பிடிப்பது?

மாதம் ஒருமுறை செய்தித்தாளின் மூலையில்
எங்கள் முகூர்த்தம் அச்சாகி வரும்:
பராமரிப்புப் பணி காரணமாக
காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை
களப்பாகுளம், வாடிக்கோட்டை, அழகநேரி
மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்.

ஒன்பதுக்கு, நாடா பாதி வழியில் நிற்கும்.
நின்ற சத்தம் காதுக்குள்
இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.
அதுவும் அடங்கின பிறகுதான்
சிவப்புப் பொத்தானைத் தொடுவான் செய்யது மசூது.

ஆட்டோ ஓட்டுகிறவன். கேள்வி அவனுடையது.
வெட்டுவதும் ஒட்டுவதும் நான்,
பகலில் கைபேசிக்குக் கண்ணாடி மாற்றுகிறவன்.
இடம், ஒரு சேலைக் கிட்டங்கி.
கூரைவரை அடுக்கிய கட்டுகளில்
எதிரொலி மொத்தத்தையும் நூல் குடித்துவிடும்.

முப்பிடாதி வந்தாள்.
இருபத்தாறு வருஷம் தறிக்கு நடுவே நின்றவள்.
உட்கார்ந்ததும் கத்தினாள்.
‘அக்கா, மெல்ல.’
‘மெல்லத்தாம்ல பேசுதேன்.’
முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

போனஸ் கேட்டு ஊரே தறியை நிறுத்தின கதை.
பத்தொன்பது நாள்.
இனி பித்தளை வேண்டாம் என்று
அடகுக்கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டாராம்.
பத்தொன்பதாம் ராத்திரி ஒரு முதலாளி
அவள் வீட்டுக் கதவைத் தட்டி
‘நாளைக்கு நீ மட்டும் வந்து ஓட்டு,
மவளுக்குக் காலேஜ் பீஸ் நான் கட்டுதேன்.’

‘கதவைத் திறக்கலையே?’
‘திறந்தேன்.’

பிறகு பேச்சில்லை.
ஓர் ஈ. தூரத்தில் ஏதோ ஜெனரேட்டர்.

‘போனேன்ல.
நான் ஒருத்தி போயி ஓட்டுனேன்.
ஒத்தத் தறிச் சத்தம்
ஊரு முழுக்கக் கேட்டுச்சு.’

இதை மட்டும் மெல்லச் சொன்னாள்.

பீஸ் கட்டினாரா என்றான் மசூது.
ஒரு வருஷம் கட்டினார் என்றாள்.
அவர் பெயரைச் சொன்னாள்.
படி இறங்கும்போது திரும்பி வந்து
‘அவர் பேரை எடுத்துரு.
அவிய வீட்ல கல்யாணம் வச்சிருக்கு.
எம் பேரு கிடக்கட்டும்.’

பெயர் இரண்டு விநாடி நீளம் இருந்தது.
வெட்டின இடத்தைச் சும்மா விட்டால்
காது திடுக்கிடும்.
அவள் பேசாமல் இருந்த நேரத்திலிருந்து
இரண்டு விநாடி எடுத்து
ஈயோடு சேர்த்து அங்கே ஒட்டினேன்.

அந்த வாரம் கடைக்கு ஒரு முதலாளி வந்தார்.
‘அது நான்னு ஊரு பேசுது.
நான் இல்லன்னு போடும்வே.’
இன்னொருவர்
உடையாத போனுக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லி
‘யாருவே அந்த ஆளு?’ என்றார்.
மூன்றாமவர் வக்கீல் பெயரைச் சொன்னார்.
சம்பந்தப்பட்டவர் மட்டும் வரவில்லை.
கல்யாண வேலை இருந்திருக்கும்.

மசூதின் ஆட்டோவில் ஏறின பெண்கள்
இறங்கிச் சில்லறை எண்ணும்போது
தெருவைப் பார்த்தபடி சொல்கிறார்கள்:
‘எங்க கதவையும் தட்டுனாவ.’
இதுவரைக்கும் ஏழு பேர்.
யார் தட்டியது என்றால்
ஏழும் ஒரே பெயர் இல்லை.
திறந்தீர்களா என்று அவன் கேட்பதில்லை,
மீதியைக் கொடுத்துவிட்டு வருகிறான்.

அடுத்த மின்தடை பதினேழாம் தேதி.
ஐந்து மணி நேரத்துக்குள் ஏழு பேர் அடங்குவார்களா
என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முப்பிடாதி தன் பேச்சை இன்னும் கேட்கவில்லை.
தறி ஓடும்போது காதில் விழாது,
நிற்கும்போது போனில் சார்ஜ் இருக்காது
என்கிறாள், கத்தி.