சன்னம்

எங்கள் ஊரில் துவக்குக் குண்டுக்குச் சன்னம் என்று பெயர்.
மெல்லிய சங்கிலிக்கும் அதே சொல்.
"சன்னமாய்ச் செய்து தாங்கோ" என்று
கன்னாதிட்டிக்கு வருகிற பெண்கள் கேட்கும்போது
என் கை ஒரு கணம் தராசின்மேல் நின்றுவிடும்.

தொண்ணூற்று மூன்று.
மின்சாரமில்லை, உருக்கப் பொன்னுமில்லை.
ஜாம் போத்தல் விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டுக் காத்திருப்பேன்.
கடை பூட்டிய பிறகு பின்கதவால் வருவாள் நிறைமதி.
அது அவளுக்குப் பிறகு வந்த பெயர்.
முதற்பெயரை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
பிஸ்கற் ரின் நிறையக் கோதிலிருந்து கழற்றிய சன்னங்கள்.
"அண்ணை, நிறுத்துத் தாங்கோ."
கேட்டாளா, கட்டளையிட்டாளா
இன்றுவரை பிடிபடவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும்
கதவைத் திறந்தால் மூச்சுக்கே முள் ஆடும் தராசு.
மூச்சைப் பிடித்து ஒவ்வொன்றாய் வைத்தேன்.
அவளும் பிடித்தாள்.
அவளுக்கு அது தொழில்.

ஒரு பவுணும் எட்டு மஞ்சாடியும்.
ஒரு பவுணும் எட்டரை.
ஒரு பவுணும் எட்டு.
ஒரு பவுணும் ஏழே முக்கால்.

"பாரமானதுதானே தூரம் போகும்?"
பத்தனுக்குத் தெரிந்த கேள்வி அவ்வளவுதான்.
"பாரமானதைக் காத்து லேசிலை அசைக்காது, சரி.
ஆனா எனக்குப் பாரமும் வேண்டாம், லேசும் வேண்டாம்.
ஒண்டைப்போலை மற்றது இருக்கவேணும்.
பிழையெண்டாலும் எல்லாம் ஒரே பிழையெண்டால்
நான் அதைத் திருத்திப்போடுவன்."

நிறுத்து முடிந்ததும்
முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப்போட்டு
அதன்மேல் ஒவ்வொன்றாய் உருட்டுவாள்.
நுனி தள்ளாடினால் ஒதுக்கு.
வள்ளத்தின் பின்பக்கம்போல் ஒடுங்கிய வாலில்
நகத்தை வைத்துச் சுற்றுவாள்,
நெளிவு தட்டினால் ஒதுக்கு.
"கிட்டத்திலை இதொண்டும் தெரியாதண்ணை.
எண்ணூறு மீற்றருக்கு அங்காலை, சோழகம் பேர்ந்தால்,
மயிரளவு பிழை ஆளகலம் ஆயிடும்."
ஆளகலம்.
அந்தச் சொல்லை அவள் சாதாரணமாய்த்தான் சொன்னாள்.
நான் பொன்னில் மயிரளவு திருடாதவன் என்று பெயரெடுத்தவன்.
அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாள்.

எட்டுக்கு நேரே நின்றவை அவளுடைய துணிப்பைக்கு.
மிச்சம் திரும்ப ரின்னுக்குள்.
"அதுகளை என்ன செய்வியள்?"
"கிட்ட நிண்டு சுடுற ஆக்களுக்குக் காணும்."
எனக்குக் கூலி அரைப் போத்தல் மண்ணெண்ணெய்.
அதை எரித்துத்தான் அடுத்த முறையும் நிறுத்தேன்.

ஒரு மாரியில் வரவில்லை.
அடுத்த மாரியிலும்.
ஊரே எழும்பிப் போன இரவில்
வீட்டில் கிடந்த கடைசி ரின்னைக் கிணற்றில் போட்டேன்.
இரண்டு தரம் சத்தம் கேட்டது.
ஏன் இரண்டு என்று தெரியாது.

போன கிழமை,
நயினாதீவுக்குப் போய்த் திரும்பிய பஸ் ஒன்று
சந்தியில் நின்றது.
கேகாலையிலிருந்து நிமலசிறி, மனைவி, இரண்டு மகள்மார்.
கைலேஞ்சியை அவிழ்த்து
என் கண்ணாடி மேசையில் வைத்தார்.
பதினேழு வருசம் தோளில் இருந்ததாம்.
போன வருசம்தான் டொக்டர் எடுத்தாராம்.
"வெள்ளி கட்டி, பென்ரன் ஒண்டு, ராசிக்கு"
என்று பாதித் தமிழில் சிரித்தார்.
ஆனையிறவா என்றேன்.
"இல்லை, நாவற்குழி. தண்ணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.
சத்தம் பிறகுதான் கேட்டது."

இப்போது எலக்ட்ரோனிக் தராசு.
விசிறிக்காற்றில் கடைசி இலக்கம் நிற்கவில்லை.
விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு
மூச்சைப் பிடித்தேன்.
ஏனென்று தெரியாமல் அவரும் பிடித்தார்.

ஒன்பது தசம் ஐந்து கிராம்.
பழைய கணக்கில்
ஒரு பவுணும் ஏழரை மஞ்சாடியும்.

ஏழரையென்றால் ஒதுக்கின குவியல்.
ஆனால் ஒதுக்கினவை தூரத்துக்குப் போவதில்லை.
அல்லது எட்டாய் இருந்ததை எலும்பு அரைமஞ்சாடி அராவியிருக்கலாம்.
அல்லது அந்த நாளில் எனக்கு நித்திரைக் கண்.
அல்லது என் கை படாத, வேறு யாரோ நிறுத்த சன்னம்.
ஆளகலத்தில் பாதி தள்ளிப் பட்டிருக்கிறது.

"கூலி எவ்வளவு?" என்றாள் மனைவி.
"சேதாரம் போடுவீங்களா?"
பதில் வரவில்லை எனக்கு.
சன்னத்தை எடுத்து
கண்ணாடியில் உருட்டினேன், நினைக்காமலே.

நுனி தள்ளாடியது.
வளைந்து வளைந்து விளிம்புவரை போய்
விழப்போனதை
அவர் இடக்கையால் ஏந்தினார்.
வலக்கை அவ்வளவுக்கு நீளாது.