கடைசிப் பெட்டி

சங்ககிரியில் லாரிக்குப் பூப்போடுகிறவன் நான்.
கழுகு, தாமரை, கருப்பராயன் குதிரை,
பின்கதவில் முதலாளி பிள்ளைகள் மூன்று பேரின் பேர்.
போத்தனூருக்கு வா, ரயிலுக்குப் பெயிண்ட் என்று
கான்ட்ராக்டர் செங்கோடன் போன் செய்தபோது
இருபது பெட்டிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.
ஒன்றுதான்.
அதுவும் கடைசியது.

கார்டு பெட்டி. மீட்டர்கேஜ்.
வேலிமுள் படிக்கட்டில் ஏறி
ஜன்னலில் இறங்கியிருந்தது.
உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு இரும்பு அலமாரி,
கையால் சுற்றும் பிரேக் சக்கரம் ஒன்று.
குளவி கட்டிய மண்வீடு பதினொன்று.

"ஒரிஜினல் கலர் வேணும்" என்றார்
செக்‌ஷன் இன்ஜினியர் மெல்வின் சார்.
ஆதாரத்துக்கு ஒரு போட்டோ கொடுத்தார்.
கறுப்பு வெள்ளை.

படியோரமாக, ஐந்து ரூபாய் அகலத்துக்கு
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
சாம்பல்.
அதன் கீழ் இன்னொரு சாம்பல், நீலம் தட்டியது.
பிறகு காவி.
காவிக்குக் கீழே மெலிசாக ஒரு பச்சை,
மிச்ச டப்பாவைத் தீர்க்க எவனோ அடித்தது
(தெரியும், நானும் அடித்திருக்கிறேன்).
பச்சைக்கடியில் ஈயச்சிவப்பு.
அதற்கும் அடியில் இரும்பு.
"இதுல எதுங் சார் ஒரிஜினல்?"
கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.
"மூணாவது" என்றார்
பரோட்டாக் கடையில் சொல்வதுபோல.

சுரண்ட ஒன்பது நாள்.
துப்பினால் எச்சில் காவியாக வந்தது.
பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி பட்டி பார்த்து,
வெறும் காவி அடித்தேன்.
பூ இல்லை, கொடி இல்லை.
இவ்வளவு அகலமான சுவரை
இப்படிச் சும்மா விட்டால் பாவம் என்று
கை அரித்தது.
"ஒரு சின்னத் தாமரையாச்சும் போடட்டுங்ளா?"
மெல்வின் சார் பதில் சொல்லவில்லை, பார்த்தார்.

வெல்டர் ரவூப் பாய் மட்டும்
அந்தப் பிரேக் சக்கரத்தை விடவில்லை.
தினமும் காலையில் மண்ணெண்ணெய் விட்டு,
ஒரு தட்டு தட்டி, ஒரு வசவு.
பதினாலாம் நாள் மத்தியானம்
தயிர்சோறு முடித்த கையோடு
சும்மா தொட்டிருக்கிறார்.
திரும்பிவிட்டது.

வெளியே முக்காலியில் உட்கார்ந்து
நான் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.
நாற்பதடித் தண்டவாளம், ஒரு நூல் சரிவு.
பிரஷ்ஷை நகர்த்த மூச்சை அடக்கிய நொடியில்
என் கை அப்படியே நின்றது,
கோடு போனது.
பிரஷ்ஷைத் தாண்டி, என் மூக்கைத் தாண்டி
ஒரு சாண் தூரம்
பெட்டி தானாகப் போட்டுக்கொண்டது.

உள்ளே பாய் அலறியபடி சக்கரத்தைச் சுற்ற
கிரீச்சென்று நின்றது.
அவர் எட்டிப் பார்த்தார், நான் அண்ணாந்து பார்த்தேன்.
இரண்டு பேரும் சிரித்தோமா என்று நினைவில்லை.

மறுநாள் உத்தரவு வந்தது.
பிள்ளைகள் ஏறி விளையாடும், சக்கரத்தை வெல்டு வையுங்கள்.
பாய்தான் வைத்தார்.
வைத்துவிட்டு டீ வேண்டாம் என்றார்.

கடைசியாக எல்.வி. பலகை.
கடைசிப் பெட்டியில் இது தொங்கினால்தான்
வண்டி முழுசாக வந்ததாகக் கணக்காம்,
ஸ்டேஷனில் நிற்கிறவர் பார்த்துக் குறித்துக்கொள்வாராம்.
"முன்னால வண்டியே இல்லீங்ளே சார்?"
"எழுதுப்பா" என்றார்.
எழுதினேன். இரண்டே எழுத்து.
நிழல் மட்டும் மஞ்சளில் கொடுத்தேன்,
கவனிக்கவில்லை, அல்லது கவனித்தார்.

கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.
பெருந்துறை தாண்டி முன்னால் ஒரு லாரி,
பின்கதவில் நான் போட்ட தாமரை.
டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க
சங்ககிரி வரும்வரைக்கும்
அந்த இதழ் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோணல்.
கொஞ்சம்தான்.