எந்தத் தலைப்பில் எழுதுவது

தரமணி ஆய்வுக்கூடத்தின் பின்னறையில்
என் வேலை வேர்களைக் கழுவுவது.
வேர்களுக்குக் கேன் தண்ணீர்.
எங்களுக்கு லாரித் தண்ணீர், குளோரின் வாசனையோடு.

பதினோரு நாள் வயதான சோள நாற்றைக்
கண்ணாடிக் குழாயிலிருந்து உருவினால்
வேர்மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும்
மஞ்சளாய் ஒரு துளி,
நல்லெண்ணெயில் தொட்டெடுத்த ஊசி மாதிரி.
கரைப்பானில் முக்கி, வடித்து, உலர்த்தி
மில்லிகிராமில் குறிப்பேன்.
பறக்கும் ரயில் போகையில் தராசு நடுங்கும்.
அது அடங்கும்வரை எழுதுவதில்லை.

மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து
டெல்பினா மேடம் இறங்கி வந்தார்.
அறிக்கையின் நான்காம் பக்கத்தில் பென்சில் வட்டம்:
இலை சமைக்கும் சர்க்கரையில்
ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை
வேர் மண்ணில் விட்டுவிடுகிறது.

"விட்டுடுதுன்னா? ஒழுகுதா?"
ஒழுகல் இல்லை மேடம், கொடுக்கிறது.
"யாருக்கு?"
இருட்டில் இருப்பவர்களுக்கு. பாதிப் பேருக்கு
நாங்களே இன்னும் பெயர் வைக்கவில்லை.
"ரசீது?"

துவரைத் தொட்டியைக் காட்டினேன்.
செம்மண்ணின் இரும்பு
இறுக்கிப் பிடித்திருக்கும் மணிச்சத்தை
ஓர் அமிலம் கசிந்து அவிழ்த்துக்கொள்கிறது.
அவிழ்ந்ததில் கொஞ்சம்
பக்கத்துச் செடிக்கும் போகிறது, கேட்காமலே.
சோளத்தின் மஞ்சளோ வேறு குணம்.
அருகில் விழுந்த குப்பைக்கீரை விதையைத்
தலைதூக்க விடாது.
"வாட்ச்மேன் சம்பளம்" என்று முணுமுணுத்துக்
குறித்துக்கொண்டார்.

மூன்றாவதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மண்ணில் சத்து குறைந்தால்
சோள வேர் ஒரு சொல்லைக் கசியும்.
என் தராசுக்கு எட்டாத சொல்.
அதைக் கேட்டு வேர்ப்பூஞ்சை
நூல்நூலாய் நீண்டு வரும்,
வேரின் கை போகாத தூரத்திலிருந்து
எடுத்து வந்து ஊட்ட.
அதே சொல்லைக் கேட்டுத்தான்
வருடக்கணக்காய்த் தூசியோடு தூசியாய்க் கிடந்த
சுடுமல்லி விதையும் கண்விழிக்கும்.
வந்து வேரில் வாய்வைக்கும்.
மேலே சோளம் வதங்கும். அதன் காலடியில்
வெள்ளையாய், சின்னதாய்ப் பூக்கும்.
நட்புக்கு ஒன்று பகைக்கு ஒன்று என்று
வேரிடம் இரண்டு சொல் இல்லை மேடம்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.
"வேளச்சேரி முங்கின வருஷம்
மூணாம் மாடில நானும் பையனும்.
செல்லுல டார்ச்சைப் போட்டு ஆட்டினேன், ராவெல்லாம்.
படகு வந்துச்சு. காசிமேட்டுப் பசங்க.
என்னை மூட்டை மாதிரி தூக்கி வெச்சாங்க.
அதே வெளிச்சத்தைப் பார்த்து
இன்னொருத்தனும் வந்திருக்கான்.
திரும்பிப் போனா பீரோ தொறந்து கெடக்குது."

ரயில் எதுவும் வரவில்லை.
தராசு பூஜ்யத்தில் நின்றது.

மறுபடி தண்ணீர் வந்தால்?
"போடுவேன். கையில வேற என்ன இருக்கு?"

மாலையில் கோப்பு வந்தது.
'நட்டம்' என்று எழுதி அடித்திருந்தார்.
'இதர செலவு', அதையும் அடித்திருந்தார்.
கீழே, அழுத்தமே இல்லாத பென்சிலில்
'முன்பணம்.'

செவ்வாயன்று மேலிடத்திலிருந்து
சிவப்பு மையோடு திரும்பியது:
'வசூலாகும் தேதியைக் குறிப்பிடவும்.'

இன்னும் பதில் போடவில்லை.
இன்றைக்கு வேறொரு தொகுதி நாற்று.
இரண்டு முறை சோப்புப் போட்டும்
கட்டைவிரலில் மஞ்சள் போகவில்லை.
மதியச் சோற்றை
ஸ்பூனால் சாப்பிடுகிறேன்.