விபத்துப் பதிவேடு

போர்ட்டோ நகரசபை, தோட்டப் பிரிவு.
பச்சை அட்டை போட்ட பதிவேட்டில்
இன்றைய தேதிக்கு எதிரே
'விபத்து: இல்லை' என்று எழுதிவிட்டு
ஒட்டீலியா பேனாவை மூடாமல் இருக்கிறாள்.

அந்த 'இல்லை'
எத்தனை மணிக்கு நடந்தது?

காலை எட்டரைக்கு ஒருமுறை.
காமெலியா வேலியில் பூக்கள் பழுப்பேறி
ஈரத்தோடு உதிர்ந்துகொண்டிருந்தன.
பெல்மீரு கைக்கத்தரியைத் திறந்தபடியே
பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு
லாரிப் படியில் உட்காரப் போனான்.
"வாய்ப்பூட்டு!" என்றாள்.
பாதி உட்கார்ந்தவன் பாதியிலேயே எழுந்தான்.
க்ளிக்.

பிறகு ஆற்றுச் சாலையின் பிளேன் மரம்.
மின்கம்பி தள்ளித்தான் இருக்கிறது என்றது கண்.
அவள் கண்ணை நம்பவில்லை.
மின்வாரியத்துக்கு போன் போட்டு
நாற்பது நிமிடம் காத்திருந்தாள்.
பெல்மீரு மூன்று சிகரெட் சுருட்டினான்,
மூன்றையும் அவள் முகத்தைப் பார்த்தபடி பிடித்தான்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பதெல்லாம்
பேச்சுக்குச் சரி.
தொடைப் பருமன் கிளையிடம் அது செல்லாது.
ஒரே வெட்டில் இறங்கினால்
தன் பாரத்தில் தானே கிழிந்து
மரத்தின் தோலையும் உரித்துக்கொண்டு வரும்;
எந்தப் பக்கம் விழுமென்று அதற்கே தெரியாது.
அதனால் முதலில் அடியில் கால்வாசி,
ஒரு சாண் தள்ளி மேலிருந்து முழுசாக,
எஞ்சிய கட்டையைக் கடைசியில்,
அடிக்கழுத்தின் மடிப்பைத் தொடாமல்.

இரண்டாம் வெட்டு பாதியில் இருந்தபோது
சிவப்பு நாடாவைத் தூக்கிவிட்டு
மீன் பையோடு ஒருத்தி உள்ளே நுழைந்தாள்.
விசில். ரம்பம் நின்றது.
"ஒரு மரத்துக்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா?"
முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனாள்.
அவள் நின்ற கல்லின்மேல்
கிளை வந்து படுத்தது.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை,
மீன் விலையில் இருந்தது அவள் மனம்.

மாலை ஐந்து மணி.
கத்திகளுக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் நேரம்.
பிசின் விடவில்லை.
கையுறையோடு பிடி கிடைக்கவில்லை என்று
ஒன்றைக் கழற்றினாள்,
ஒட்டீலியாதான்,
ஒரே ஒரு கத்திக்கு.

இப்போது பதிவேட்டின் ஓரத்தில்
கட்டைவிரல் பட்ட இடத்தில்
சின்னதாக ஒரு சிவப்பு.
கைக்குட்டையால் ஒற்றினால் போய்விடும்.
யாரும் பார்க்கவில்லை.

'இல்லை'யைக் கோடு போட்டு அடிக்கிறாள்.
'ஐந்து பத்து. இடது கட்டைவிரல். கையுறை இன்றி'
என்று எழுதிக் கீழே
தன் பெயரை முழுசாகப் போடுகிறாள்.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த பெல்மீரு
கிண்டலுக்கு வாயெடுத்து,
என்னவோ நினைத்து,
மருந்துப் பெட்டியைத் தேடிப் போகிறான்.