தெற்குப் பார்த்த சன்னல்கள்

டிரானா ஹோட்டலுக்குப் பதினைந்து மாடி.
தெற்குப் பார்த்த சன்னல்கள் என் பங்கு.
முதல் நாளே மேற்பார்வையாளர் நெவ்ரூஸ் சொல்லிவிட்டார்:
"கண்ணாடியைப் பார், ஃபத்பர்தா.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்காதே."

அந்தப் பக்கம்தான் சதுக்கம்.

அப்போது யாருக்கும் சொந்தக் கார் கிடையாது.
ஒரு சைக்கிள் குறுக்கே போய் முடிப்பதற்குள்
அரைச் சன்னலைத் துடைத்துவிடுவேன்.
மணிக்கூண்டு. பூட்டிய மசூதி.
குதிரைமேல் ஒரு வீரர்.
அவருக்கு முன்னால் அங்கே நின்றது ஒரு மீசைக்காரராம்.
எந்த இரவில் எடுத்துப் போனார்கள் என்று கேட்டால்
நெவ்ரூஸுக்கு இருமல் வந்துவிடும்.

பிறகு வந்தது பெரிய வெண்கலம்,
நீளக் கோட்டோடு, ஐந்தாள் உயரம்.
பீடத்தோடு சேர்த்தால் தலை எங்கள் மூன்றாம் மாடிக்கு.
அந்த மாடியை மட்டும்
கொஞ்சம் வேகமாகத் துடைப்பேன்.

பிப்ரவரியில் கயிறு போட்டார்கள்.
இங்கிருந்து கயிறு தெரியவில்லை.
எதையோ மறந்துவிட்டு வந்த மனிதர்போல்
அவர் லேசாகத் திரும்பியதும்
சாய்ந்ததும்தான் தெரிந்தது.
சத்தம் தாமதமாக வந்தது, என் உள்ளங்கைக்கு,
கண்ணாடி வழியாக.
நெவ்ரூஸ் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்,
அந்தப் பக்கம் பார்த்தபடி.

வெறும் பீடத்தில் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள்.
அப்புறம் கார்கள்.
இத்தாலியிலிருந்து, ஜெர்மனியிலிருந்து,
யாருடையது என்று கேட்கக் கூடாத கார்கள்.
வருடக்கணக்கில் சதுக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.
காலையில் துடைத்த கண்ணாடியில் மாலைக்குள் கரி.
என் மகன் இலிர்யானும் அந்த வட்டத்தில் சுற்றி
ஏதோ ஒரு வழியில் திரும்பி
கிரேக்கம் போய்விட்டான்.

இப்போது முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு ஊர் மலையிலிருந்தும் வந்த கல்லாம்.
காய்ந்திருந்தால் எல்லாம் ஒரே சாம்பல்.
கல்லிடுக்கில் தண்ணீர் கசியும் நேரம்
ஒன்று பச்சை, ஒன்று செங்கல், ஒன்று ஈரல் நிறம்.

வேலை முடிந்த கடைசி நாள்
சுற்றிப் போகாமல் குறுக்கே நடந்தேன்.
நடுவை நெருங்க நெருங்க முழங்கால் முணுமுணுத்தது.
சதுக்கம் ஏறுகிறது!
நாலு பக்கமிருந்தும், துளித்துளியாய்.
இத்தனை வருடம் மேலிருந்து பார்த்தவளுக்கு
அது தட்டை.

உச்சியில் பீடமில்லை.
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய நாய் ஒன்று
படுத்திருந்தது. நகரவில்லை.
அதன் பக்கத்தில் நின்று
என் சன்னல்களை எண்ணினேன்.

ஏழாம் மாடியில் ஒன்றைச்
சரியாகத் துடைக்கவில்லை.