ஐந்தொகை

இரவு ஒன்பது நாற்பதுக்கு இடி.
கரண்ட் போனது, வந்தது, போனது.
யுபிஎஸ் பேட்டரி தை மாதமே வயிறு உப்பியிருந்தது.
மாற்றணும் மாற்றணும் என்று
வைகாசி வரை வந்துவிட்டேன்.

கழனிவாசல் வீட்டில்
சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் நடுவே
பரணுக்குக் கீழே இருக்கிறது பெட்டி.
நாலு டிஸ்க், பதினாறு டெரா,
ஆறு வருசத்துக் கல்யாணங்கள்.
மறுபடி எழுந்தபோது அது கதவு திறக்கவில்லை.
சோதிக்க வேண்டும் என்றது.
சரி என்றேன்.
சோதிக்கிறது.

முதல் சுற்று. இரண்டு புள்ளி மூன்று சதவீதம்.

அன்றே சொன்னான் கடைக்கார நைனா:
எக்ஸ்ட் ஃபோர் வேணாம்ணே, இசட்எஃப்எஸ் போடுங்க,
துண்டுக்குத் துண்டு கையெழுத்து வச்சிருக்கும்,
கடையைப் பூட்டாமலே கணக்குப் பாத்துக்கும்.
மெமரி எவ்வளவு கேட்கும் என்றேன்.
பதினாறாவது வேணும்.
இதில் ரெண்டுதானே.
அப்ப பெட்டியை மாத்துங்க.
அந்தக் காசில் ஒரு லென்ஸ் வாங்கினேன்.

எக்ஸ்ட் ஃபோர்
சிட்டையில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டில் ஏற்றும்,
அதனால் தேர்ந்தெடுத்தேன் என்று
கேட்பவர்களிடம் சொல்வேன்.
பொய். தேர்ந்தெடுக்கவே இல்லை.
பட்டியலில் முதலில் இருந்தது. அமுக்கினேன்.

பதினொன்று புள்ளி நான்கு.
மணி பன்னிரண்டரை.

மொத்தம் ஐந்து சுற்று.
முதலில் ஆள் ஆளாய் நிறுத்திக் கேட்கும்:
உன் அளவென்ன, எங்கெங்கே குடியிருக்கிறாய்.
பிறகு ஃபோல்டர்கள்.
பிறகு யார் யாரோடு சேர்ந்தவர்.
நாலாவதில் எண்ணிக்கை.
அஞ்சாவதில் காலி இடத்தைக் கூட்டிப்போட்டு
ஐந்தொகை எடுக்கும்.
ஒரு பைசா இடித்தால்
கணக்கப்பிள்ளை விடியும்வரை கூட்டுவாராம்.
அவருக்காவது வெற்றிலை இருந்தது.

ஒன்றே காலுக்கு உமையாள் கூப்பிட்டாள்.
தையில் பள்ளத்தூரில் திருப்பூட்டு,
இப்போது டல்லாஸில், அங்கே பகல்.
ஆல்பம் எப்போ என்பாள் என்று
ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.
அவள் கேட்டது வேறு.

அடைக்கலம் அண்ணே, சாமான் பரப்புனதை எடுத்தீங்கள்ல,
அதுல எங்க மாமியா எண்ணுவாக.
ஒண்ணு குறையுதேன்னு சொல்லுவாக.
அப்ப அப்பச்சி முகம் வரும்.
அது மட்டும் வேண்டாம்ணே. வெட்டிருங்க.

வெட்டிருவோம்மா என்றேன்.
வெட்ட அது இருக்கிறதா என்று
எனக்கே தெரியாதபோது.

நான்காம் சுற்றில் பெட்டி என்னைக் கேட்டது:
எண்ணிக்கை இரண்டு என்றிருக்கிறது,
ஒன்றாக இருக்க வேண்டும். சரிசெய்யவா?
ஆம்.
இது யாரோடும் சேராமல் கிடக்கிறது. சேர்க்கவா?
ஆம்.
சேர்க்கவா? ஆம். சரிசெய்யவா? ஆம்.
எதற்கு ஆம் சொல்கிறேன் என்று படிப்பதை
முப்பதாவது கேள்வியோடு விட்டுவிட்டேன்.

முடிந்தபோது பால்காரர் மணியடித்தார்.
எல்லாம் இருந்தது.
தொலைந்ததைப் போட்டுவைக்கும் ஃபோல்டரில் மட்டும்
பேர் போன கோப்புகள் பதினொன்று, வெறும் நம்பராக.
ஏழாவதைத் திறந்தேன்.

வரிசை வரிசையாய்ப் பித்தளை, எவர்சில்வர்.
மாமியாவின் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு வருகிறது.
நாற்பத்தொன்பது, ஐம்பது.
ஒண்ணு குறையுதே.
அப்பச்சி வரிசையைப் பார்க்கவில்லை.
நேராக லென்ஸைப் பார்க்கிறார்.

பின்னால் ஓட்டினேன்.
எண்ணத் தொடங்குமுன், நான்கு நிமிடத்துக்கு முன்,
இடது ஓரத்தில் ஒரு தூக்குச்சட்டி.
லைட் பட்டுக் கண்ணைக் குத்துகிறது.
ஒரு கை வந்து அதை எடுத்துப்போய்
ட்ரைபாட் பைக்குப் பின்னால் வைக்கிறது.
நீல வாட்ச்.

என் கைதான்.
காதில் ஹெட்ஃபோன், கண் ஃபோகஸில்,
எண்ணியது எனக்குக் கேட்கவே இல்லை.

வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
நைனா மெசேஜ் அனுப்பியிருக்கிறான்:
இப்பவாவது மாத்துங்கண்ணே.
மாற்றுவதென்றால் எல்லாவற்றையும்
வேறெங்காவது இறக்கிவைக்க வேண்டும்.
பதினாறு டெராவுக்கு வேறு வீடு எங்கே?

திரையில் ஏழாவது கோப்பு.
அழிக்கவா, பேர் மாற்றவா?
டல்லாஸில் இப்போது மணி என்ன என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.