ஏழு லிட்டர்

செங்கோட்டை, காஜா நசீர் கடை.
ஹேண்டில்பாரில் மாட்டும் பைகள் மூன்று
ஆணியில் தொங்கின.
மூன்றுமே தண்ணி புகாது என்றன.
எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் பூச்சுப் போட்ட
கொத்தனாரும் அப்படித்தான் சொன்னார்.

ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன்.
"வாங்காம முக்கக் கூடாதுக்கா."
"முக்காம வாங்கக் கூடாது, நசீர்."
பக்கத்து டீக்கடையிலிருந்து
தம்ளர் கழுவும் வாளி வந்தது.

நேற்றைய பேப்பரை மடித்து உள்ளே வைத்து
நூறு எண்ணினேன்.
முதல் பை பளபளப்பு; ஜிப்பு வைத்தது.
எழுபதில் ஒரு குமிழி
ஜிப்பின் மூலையில் வந்து எட்டிப்பார்த்தது.
பிரித்தால்
விளையாட்டுப் பக்கம் முழுக்கத் தோற்றிருந்தது.

இரண்டாவதில் சொட்டு ஏறவில்லை.
அகலம்தான் அதிகம்,
மாட்டியதும் பிரேக் ஒயரை நெரித்தது.
புளியரை வளைவில் வைக்கோல் லாரி வரும்போது
பேப்பர் நனையாததைவிட
நான் நிற்பது முக்கியம்.

மூன்றாவது, ஈரக்கல் நிறம்.
வாயை மூன்று சுருட்டு சுருட்டி
இரண்டு பக்கமும் கொக்கி.
தையலே கிடையாது, சூட்டில் ஒட்டிய விளிம்பு.
அமுக்க அமுக்க மிதந்தது,
காற்றைக் கட்டிக்கொண்டு அடம்பிடித்தது.
ராசிபலன்வரை காய்ந்திருந்தது.
"ஒங்க ராசிக்கு என்னக்கா போட்டிருக்கு?"
பிரயாணத்தில் கவனம்.

எதை வைக்கப்போகிறேன் என்று
நசீர் கேட்கவில்லை.
கூடாரம் பின்னால் கிடந்து நனையட்டும்,
மாற்றுத்துணி நனையட்டும்.
இன்சுலின் பேனா மட்டும்
இரண்டு கைக்கும் நடுவே
கண் படுகிற இடத்தில் வர வேண்டும்.

கோட்டைவாசல்வரை சாரல்.
அதற்கு அந்தப் பக்கம்
அதே வானம்,
வேறு கணக்கு.
கழுதுருட்டிக்கு மேலே
ரப்பர் மரங்களுக்கெல்லாம்
பால் வடியும் வெட்டின்மேல்
பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள்.
ஒன்றையும் யாரும்
வாளியில் முக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கேதான் கூடாரம் அடித்தேன்.
அச்சு முறிந்து ஒரு எம்-சாண்ட் லாரி
ரோட்டோரம் நின்றது.
தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
கிளீனர் பையன் வந்தான், பெயர் ஷிபு.
"சேச்சி, தீப்பெட்டி உண்டோ?"
அவர்கள் பெட்டி கஞ்சிபோல் ஆகிவிட்டதாம்.

மூன்று சுருட்டையும் அவிழ்த்தேன்.
எனக்குத் தெரிந்து அந்த மலையில்
காய்ந்த தீக்குச்சி
என்னிடம்தான் இருந்தது.
அந்தப் பெருமையோடு நடந்து போய்
நானே உரசினேன்.
கேபினுக்குள் கட்டன்சாயா கொதித்தது.
டிரைவர் வர்கீசு தன் மகளின் கல்யாணக் கடனை
முதல் தவணையிலிருந்து சொன்னார்.
எட்டாம் தவணையில்தான் நினைவு வந்தது,
பையின் வாயைச் சுருட்டவில்லை.

ஓடினேன்.
குளுக்கோஸ் பாகாகியிருந்தது.
ரத்தம் பார்க்கும் மீட்டர்
எந்த எண்ணையும் சொல்ல மறுத்தது.
பேனா மட்டும்
ரப்பர் வளையம் போட்ட பழைய டிபன் டப்பாவுக்குள்
ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
டப்பாவை நான்
எந்த வாளியிலும் முக்கிப் பார்த்ததில்லை.

காலையில் பையைக் கவிழ்க்கப் போனேன்.
உள்ளங்கை ஆழத்துக்கு மழை.
அடியில் ஒரு ரப்பர் இலை.
என்னவோ தோன்றியது,
அப்படியே சுருட்டிக் கொக்கி போட்டேன்.

மேடு ஏறும்போது
கைக்குக் கை சரிந்து சத்தம் போட்டது.
செக்போஸ்டில் கேட்டார்கள், உள்ள என்ன?
தண்ணி, என்றேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.

நசீர் கடை வாசலில்
அந்த வாளியைக் கேட்டு வாங்கி
ஊற்றிக் காட்டினேன்.
"முப்பது கிலோமீட்டர், நசீர்.
ஒரு சொட்டு ஒழுகல."

இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப உள்ள எப்படிக்கா போச்சு?"